கடலுக்குள் ஓடும் ஆறு



கடல் எங்கும் ஒரே உப்பு என்றுதான் கரையில் நிற்கிற நாம் நினைக்கிறோம். உலகக் கடல்களின் சராசரி, ஒரு கிலோ நீருக்கு 35 கிராம் உப்பு. நம் வங்காள விரிகுடா அந்தக் கணக்குக்குள் அடங்காத கடல். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி என்று இத்தனை பேராறுகளும் இந்த ஒரே விரிகுடாவில்தான் வந்து விழுகின்றன. தென்மேற்குப் பருவமழை ஓய்கிற மாதங்களில் வடகோடியில் உப்பு 30 கிராமுக்கும் கீழே போய்விடுகிறது. அப்போது மேற்கே, அரபிக் கடலில் 36 கிராம்!

வந்த நன்னீர் வடக்கிலேயே தங்குவதில்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் அடங்கி, வடக்கிலிருந்து வாடை எழும்பும் காலத்தில் நீவாடு, அதாவது கரையோர நீரோட்டம், தெற்கே திரும்புகிறது. ஒடிசா, ஆந்திரம், தமிழகம் என்று கரையை ஒட்டியே, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலத்தில், உப்புக் குறைந்த நீர் இறங்கி வருகிறது. இந்தியாவின் தென்முனையை எட்ட அதற்கு இரண்டரை மாதம் ஆகிறது. கடலுக்குள் ஓடும் ஆறு என்றே விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்தார்கள். அதைத் தெளிவாகக் காட்டித்தந்தது யார் தெரியுமா? மீனவர்கள்! 2005 முதல், இந்தியக் கரையில் எட்டு இடங்களில், ஐந்து நாளுக்கு ஒருமுறை, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி அவர்கள் மொண்டு கொடுத்த நீர். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் உடன் உழைத்தவர்களும் அதை அளந்து பார்த்து, 2014-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கடல் அறிவு என்றால் அது பெரிய கப்பல்களின் சொத்து என்று எண்ணுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

இந்த ஆறும் எல்லா ஆண்டும் ஒன்றுபோல் ஓடாது. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். நம் பெருங்கடலுக்கே சொந்தமாகவும் ஒரு சுழற்சி உண்டு. இந்தியப் பெருங்கடல் இருமுனை என்கிறார்கள். 1999-இல்தான் உலகம் அதை அறிந்தது. அதைக் கண்டு எழுதிய சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகதா என்ற நால்வரில் மூவர் இந்தியர்கள். சில ஆண்டுகளில் சுமத்ரா கரையோரம் கடல் குளிர்ந்து, ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறுகிறது. 1997-லும் 2019-லும் அப்படித்தான் நடந்தது. நிலநடுக்கோட்டில் காற்று திசை மாறுகிறது. அதன் விளைவு விரிகுடாவின் விளிம்பைச் சுற்றி வந்து, தெற்கே இறங்கும் நம் நீவாட்டின் வேகத்தைக் குறைக்கிறது. நன்னீர் வடக்கிலேயே தேங்க, இங்கே வழக்கத்தைவிட உப்புக் கூடுகிறது. இருமுனை மறுபக்கம் சாய்கிற ஆண்டுகளில் அந்த ஆறு வலுத்து இறங்குகிறது.

உப்புக் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்கலாம். உப்புக் குறைந்த நீர் எடை குறைந்தது, மேலேயே மிதக்கும். கீழே இருக்கிற குளிர்ந்த நீரை மேலே வரவிடாமல் மூடிபோல் தடுக்கும். புயல் கடந்து போகும்போது கடலைக் கலக்கிக் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருவதுதான் வழக்கம். அந்தக் குளிர்ச்சியே புயலின் வலுவைக் குறைக்கும். மூடி தடித்திருந்தால் அது நடக்காது. புயல் மேலும் சீறும். ஆகவே உப்பின் அளவு ஆராய்ச்சிக்கூடத்துச் சங்கதி மட்டும் அல்ல, படகோடு கடலில் நிற்கிறவனின் உயிர்ச் சங்கதி.

உப்பின் கணக்கைவிடக் கடல் வெப்பத்தின் கணக்கு இன்னும் கசப்பானது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 1998-லும் 2010-லும் 2016-லும் கடல் சூட்டில் வெளுத்துப்போயின. மூன்றும் எல் நினோவின் வாலில் வந்த கோடைகள். சுழற்சி என்றால் திரும்பி வரும், வெப்பம் தணியும், பவளமும் மெல்லத் தேறும். ஆனால் 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி சூடேறிவிட்டது. சுழற்சி இறங்கி வந்து நிற்கிற தளமே உயர்ந்துகொண்டிருக்கிறது. தேறுவதற்குள் அடுத்த அடி விழுகிறது. இதை இயற்கையின் போக்கு என்று சொல்லிக் கைகழுவ முடியாது. அந்த ஒரு டிகிரியில் பெரும்பங்கு மனிதன் எரித்த எரிபொருளுக்கு உரியது.

கரையோர ஊராட்சித் தலைவர்களிடமும் தலைமை ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு வாளி, ஒரு வெப்பமானி, உப்பளக்கும் ஒரு கருவி, ஒரு நோட்டுப் புத்தகம். ஐந்து நாளுக்கு ஒருமுறை, அதே இடத்தில், பிள்ளைகள் அளக்கட்டும். அன்றைய காற்றும் நீவாடும் எப்படி என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். வருகிற வாடைக்கு முன்பே உங்கள் ஊரில் இதைத் தொடங்குங்கள்; பத்து ஆண்டு விடாமல் நடத்துங்கள்.