புண் தணித்த பாட்டு



இசை நோய் தீர்க்குமா என்னும் வினாவிற்குச் சங்கத் தமிழர் தம் இல்லங்களிலேயே விடை தேடினர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் குறிஞ்சி நில மகளிரைக் காட்டுகிறது. புலி பாய்ந்ததால் கணவர் மார்பில் நெடிய புண். அது ஆறவும் அவருக்குக் காப்பாகவும் கொடிச்சியர் பாடுகின்றனர். பாணரை அழைத்துவரவில்லை, மனைவியரே பாடுகின்றனர் என்பது எண்ணத்தக்கது.

புறநானூற்று 281ஆம் பாடலில் அரிசில்கிழார் காட்டும் மனையில், போர்ப்புண் பட்டவனைக் காக்க வேம்பு செருகுகின்றனர், வெண்கடுகு தூவுகின்றனர், யாழும் ஆம்பற் குழலும் மணியும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடுகின்றனர். 296ஆம் பாடலிலோ நெய் தோய்ந்த கைகளும் கடுகுப் புகையும் காஞ்சிப் பாடலும் ஒருங்கே இடம்பெறுகின்றன. பாட்டு மருந்தை விலக்கவில்லை. வலியுற்றவன் தனித்திரான் என்னும் உறுதியை அளித்தது.

இக்கால மருத்துவமும் இதற்கு அணித்தே வருகிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்தோருள் சிலர், பேச இயலாத சொற்களைப் பழகிய பாட்டின் வழியே பாடிவிடுகின்றனர். இவ்வுண்மையை ஒட்டியமைந்த பேச்சுப் பயிற்சி முறையை அமெரிக்க அறிஞர்கள் 1973இல் வெளியிட்டனர்.

‘பழகிய பாட்டு’ என்பதே இங்கு உயிர்ச்சொல். நோயுற்ற நாளில் அதனைப் புதிதாய்த் தேடிப் பெற இயலாது. தாலாட்டிலும், நாற்று நடவிலும், மாலை விளக்கின் முன்னும் குடும்பம் கூடிப் பாடிய பாட்டே அன்று கைகொடுக்கும். கருவிகள் பாட, வீட்டார் வாய்மூடிக் கேட்கும் இந்நாளில், அச்சேமிப்பு குறைந்து வருகிறது. குரல் இனிமை வேண்டா. கொடிச்சியரிடம் அதனை எவரும் கேட்கவில்லை. இல்லந்தோறும் நாளும் ஒரு பாட்டேனும் ஒலிக்கட்டும்!