மகரம் தாங்கிய சிலுவை



யூத, கிறித்தவ, பைசாந்தியச் சமயக் கலையின் தொடக்க காலம் பற்றிப் பேச இந்த அறக்கட்டளையின் மேடைக்கு என்னை அழைத்தீர்கள். இந்தத் தலைப்பில் எழுதப்பட்ட நூல்கள் ரோமாபுரியில் தொடங்கிக் கான்ஸ்டான்டிநோபிளில் முடியும். நான் பரங்கிமலையிலிருந்து தொடங்குகிறேன். புதுச்சேரியிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் நண்பகலுக்குள் போய்விடலாம். மலைமேல் உள்ள கோயிலின் பீடத்துக்குப் பின்னே, சுவரில் பதித்த ஒரு கற்பலகை இருக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களில் பலர் அதை உற்றுப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிறித்தவச் சிற்பங்களில் தலையாயது அது.

1547இல் போர்த்துகீசியர் அங்கே கோயில் கட்ட அடித்தளம் தோண்டியபோது அந்தக் கல் வெளிப்பட்டது. நடுவில் ஒரு சிலுவை. அதன் நான்கு முனைகளும் மொட்டு விரிவதுபோல் முடிகின்றன. சிலுவை படிகளின்மேல் நிற்கிறது. அடியில் இரு புறமும் இதழ்கள் விரிந்து மேல்நோக்கி வளைகின்றன. மேலிருந்து ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. இரு பக்கமும் தூண்கள். தூண்களின் தலையில் மகரங்கள். மகரங்களின் வாயிலிருந்து ஒரு வளைவு எழுந்து சிலுவையின்மேல் கவிகிறது. அந்த வளைவை ஒட்டி ஓர் எழுத்து வரி ஓடுகிறது.

எழுத்து பஹ்லவி, சாசானியப் பாரசீகத்தின் எழுத்து. 19ஆம் நூற்றாண்டில் ஏ. சி. பர்னெல் அதை வாசிக்க முயன்றார். அவருக்குப் பின் பலர் வாசித்தார்கள். சஹார்புக்த் என்பவரின் மகன் ஒருவர் தன் பெயரைச் சொல்லி ஆண்டவரின் இரக்கத்தை வேண்டுகிறார் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் வாசிப்பு. நம் கோயில் தூண்களில் இன்னார் மகன் இன்னார் இட்ட தூண் என்று வெட்டியிருக்கிறதே, அதே வழக்கம்தான். எழுத்தைக் கொண்டு அறிஞர்கள் இதனைப் பொதுவாக 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். அது பல்லவர் காலம்.

வேண்டியவர் பாரசீகர். செதுக்கியவர் யார்? அந்த மகரங்களைப் பாருங்கள். பரங்கிமலைக்குத் தெற்கே, அதே கடற்கரையில், மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தின் வாயிலில் மகர தோரணம் இருக்கிறது. இத்தகைய உறுப்புகளைக் கொண்டே தென்னாட்டுச் சிற்பத்துக்குக் காலம் கணிக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் நம் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய். போதிகை, கூடு, தோரணம் என்று ஒவ்வொன்றும் நூற்றாண்டுதோறும் எப்படி மாறியது என்பதைக் கல் கல்லாகப் பார்த்து 1914இல் நூலாக வெளியிட்டார். அவர் கற்பித்த கண்ணோடு பரங்கிமலைக் கல்லைப் பார்த்தால், தெய்வத்துக்கு மகர தோரணம் எடுத்துப் பழகிய ஒரு சிற்பியின் கை தெரிகிறது. பாரசீக வணிகர் சிலுவையின் வடிவத்தைச் சொல்லியிருப்பார். வணங்குதற்குரியதை எப்படி நிறுத்தவேண்டும் என்பதைச் சிற்பி தன் மரபிலிருந்து எடுத்துக்கொண்டார். இது என் துணிபு.

இந்தக் கல் தனித்ததும் அன்று. கோட்டயம் வலியபள்ளியில் இத்தகைய சிலுவைகள் இரண்டு உள்ளன. கடமற்றம், முட்டுச்சிறை, கோதநல்லூர் ஆகிய ஊர்களிலும் உள்ளன. இலங்கையில் அனுராதபுரத்தில் 1912இல் கருங்கல் தூண் ஒன்றில் வெட்டிய சிலுவை கிடைத்தது. அதன் அடியிலும் இலைகள் விரிகின்றன. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மாஸ், இலங்கையில் பாரசீகக் கிறித்தவர்களின் கோயில் ஒன்று இருப்பதாகவும் அதன் குருவானவர் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்படுவதாகவும் எழுதிவைத்தார். மிளகு விளையும் கரையிலும் கிறித்தவர் இருந்ததை அவர் குறிப்பிடுகிறார்.

இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். இந்தச் சிலுவைகள் ஒன்றிலும் இயேசுவின் உருவம் இல்லை. நம் ஊர்க் கோயில்களில் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வியப்பாக இருக்கும். காரணத்தைத் தேடினால் பைசாந்தியத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே உருவங்கள் பெருகின. இத்தாலியின் ரவென்னாவில் 547இல் நேர்ந்தளிக்கப்பட்ட சான் விட்டாலே கோயிலின் பொன் பதித்த சுவர்களில் கிறிஸ்து அரசராக அமர்ந்திருக்கிறார். சீனாய் மலை மடத்தில் 6ஆம் நூற்றாண்டு மெழுகு ஓவியங்கள் இன்றும் உள்ளன. பிறகு 8ஆம் நூற்றாண்டில் அந்தப் பேரரசே உருவ வணக்கம் சரியா என்று தனக்குள் மோதிக்கொண்டு படங்களை அழித்தது. 843இல்தான் அந்தச் சண்டை ஓய்ந்தது. பேரரசுக்கு வெளியே, பாரசீக ஆட்சியின்கீழ் வாழ்ந்த கீழைத் திருச்சபை வேறு வழியில் போயிற்று. வெறும் சிலுவையே அவர்களுக்கு வெற்றியின் அடையாளம், உயிர்ப்பின் மரம். பாரசீக வளைகுடாவில் சர் பனியாஸ் தீவின் மடத்தில் கிடைத்த சுதைச் சிலுவையும் அப்படி உருவமில்லாததே. அந்தக் கடல் வழியில் வந்த சிலுவை நம் கரையில் தாமரை இதழ்மேல் நின்றது.

சமயம் புதிதாக வரும்போது கலை புதிதாகப் பிறப்பதில்லை. இருக்கிற கைகளுக்குப் புது வேலை கிடைக்கிறது. இதற்கு உலகில் மிகத் தெளிவான சான்று சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் இருந்த தூரா ஐரோப்பஸ். 256 வாக்கில் பாரசீக முற்றுகைக்கு அஞ்சி, மதிலைப் பலப்படுத்த அதை ஒட்டிய தெருவையே மண்ணால் நிரப்பினார்கள். நகரம் அழிந்தது, மண்ணுக்குள் சுவர்கள் பிழைத்தன. 1930களின் தொடக்கத்தில் தோண்டியபோது அந்த மதிலோரத்தில் யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்றும், கிறித்தவர்கள் கோயிலாக்கிக்கொண்ட ஒரு வீடும், மித்ரா என்ற தெய்வத்தின் கோயிலும் வெளிப்பட்டன. யூதர் உருவம் வரையமாட்டார்கள் என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். 244 அளவில் புதுப்பிக்கப்பட்ட அந்தக் கூடத்தின் சுவர் முழுக்க மோசேயும் கடல் பிளந்த காட்சியும் உலர்ந்த எலும்புகள் உயிர்பெறும் எசேக்கியேல் காட்சியும் தீட்டப்பட்டிருந்தன. வேதச்சுருளை வைக்கும் மாடத்தின் மேலே எருசலேம் ஆலயத்தின் முகப்பும் ஏழு கிளை விளக்கும் இருந்தன. கிறித்தவர் வீட்டில் ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே ஆட்டைத் தோளில் சுமக்கும் ஆயன். மூன்று சமயத்தாரும் அந்த எல்லை நகரத்தின் ஓவிய வழக்கையே கையாண்டார்கள்: உருவங்கள் நேராக நம்மைப் பார்த்து நிற்கின்றன. பின்னாளில் பைசாந்தியப் புனிதர்கள் நம்மை நேருக்கு நேர் பார்ப்பதற்கும் இதற்கும் உறவு உண்டு.

கட்டடமும் அப்படியே. 313க்குப் பிறகு கிறித்தவர் வெளிப்படையாகக் கோயில் எடுத்தபோது, ரோமானியர் வழக்கு விசாரிக்கவும் வணிகம் பேசவும் கூடிய நீண்ட மண்டபத்தையே எடுத்துக்கொண்டார்கள்.  

இங்கே வந்திருக்கும் பாகூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய பல்லவர் செப்பேடு, நிருபதுங்கவர்மன் காலத்தில் வித்யாஸ்தானம் ஒன்றுக்கு மூன்று ஊர்களை அளித்ததைச் சொல்கிறது. அதே 9ஆம் நூற்றாண்டில், 849இல், கொல்லத்தில் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள், மாருவான் சபீர் ஈசோ எடுத்த தரிசாப்பள்ளி என்ற கிறித்தவக் கோயிலுக்கு நிலம் அளித்துச் செப்பேடு வழங்கினார். வட்டெழுத்தில் வெட்டிய அந்த ஏட்டின் கடைசியில் சாட்சிகள் அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பாகூரில் கல்விச்சாலைக்கு எப்படி அறம் செய்தார்களோ அப்படியே அங்கே கிறித்தவக் கோயிலுக்கும் செய்தார்கள்; யூதரும் இசுலாமியரும் அதற்குச் சாட்சி நின்றார்கள். அந்த ஏட்டைப் பள்ளிப் பாடத்தில் பாகூர் ஏட்டோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

வில்லியனூருக்கு வருகிறேன். பிரான்சிலிருந்து லூர்து அன்னையின் சுரூபம் இங்கே வந்தது 1877இல். வடிவம் ஐரோப்பியம், ஆனால் கோயிலுக்கு முன்னே மக்கள் போற்றுவது மாதா குளம். படியிறங்கி நீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டு கோயிலுக்குள் போகிறார்கள். திருக்காமீசுவரர் கோயில் உள்ள ஊரில் வேறெப்படிச் செய்வார்கள்? இதை இந்து வழக்கத்தின் கலப்பு என்று குறை சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் 4ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியசைப் படிக்க வேண்டும். தீரு பட்டணத்தில் புதிதாகக் கட்டிய கோயிலை அவர் வருணிக்கிறார்: முன்முற்றத்தில் நீரூற்றுகள், உள்ளே போகிறவர்கள் அதில் தூய்மை செய்துகொள்ள வேண்டும். யூதர் தூய்மைக்குப் படியிறங்கிய நீர்த்தொட்டிகள் அதற்கும் முந்தியவை. கடல் கடந்த மிகப் பழைய கிறித்தவ மரபும் நம் தெப்பக்குள மரபும் வில்லியனூரில் ஒரே குளத்தில் சந்திக்கின்றன. இது கலப்படம் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

இனி என் வேண்டுகோள். நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பழைய சிற்றாலயங்களை இடித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டும் வேகம் எல்லாச் சமயத்திலும் இருக்கிறது. மக்கள் தொகை கூடுகிறது, இடம் போதவில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடிக்கும் முன் ஒரு மாதம் பொறுங்கள். பீடம், மரத்தேர், ஞானஸ்நானத் தொட்டி, கொடிமர மேடை, கல்லறைத் தோட்டத்து எழுத்துக் கல் எல்லாவற்றையும் நான்கு பக்கமும் படம் எடுத்து, அளந்து, வரைந்து வையுங்கள். ஓடும் சுண்ணாம்பும் செய்த கொத்தனாரின் பேரன் ஊரில் இருந்தால் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னாட்டுக் கோயில் சிற்பங்களை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் பதிந்து வைத்திருக்கிறது. செய்யக்கூடிய வேலைதான் இது. பள்ளி மாணவர்கள் கைப்பேசியாலேயே தொடங்கலாம். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு நிதியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குமாறு நிறுவிய குடும்பத்தாரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர்களே, இந்தக் கோடை விடுமுறைக்கு முன் உங்கள் மாணவர்களை ஒருமுறை பரங்கிமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். பீடத்தருகே நின்று அந்த மகரங்களைக் காட்டுங்கள்.