முன்னறிவிப்பின்றி வரும் தாய்மார்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைவண்டி நிலைய எழுத்தனுக்கு மகப்பேற்றைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். மருத்துவம் கற்றவனல்லன் நான். ஆயினும் மக்கள் வரிசையும் கைகாட்டியின் நிறமும் என் அன்றாடத் தொழில். இன்று நான் கூறப்போவதும் அவ்விரண்டைப் பற்றியதே.

குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்லும் கர்ப்பிணிக்குச் சீட்டு உண்டு, முறை உண்டு. ஆனால் நள்ளிரவில் நீர்க்குடம் உடைந்ததென்றோ, குழந்தையின் அசைவு குறைந்ததென்றோ ஓடிவருபவளுக்கு எந்த முறை? பல இடங்களில் வந்த வரிசையில் அமர்த்திவிடுகிறார்கள். அல்லது உரக்க அலறுபவளை முதலில் அழைக்கிறார்கள். இரண்டும் தவறு. பிரசவ வலியில் அலறுபவள் பெரும்பாலும் நலமாகவே இருப்பாள். சுவரில் சாய்ந்தபடி, "தலை வலிக்கிறது, கண் மங்குகிறது" என்று மெல்லச் சொல்பவளுக்கோ இரத்த அழுத்தம் ஏறி, சற்று நேரத்தில் வலிப்பே வந்துவிடலாம். நஞ்சு முன்னதாகவே பிரிந்து, வெளியே ஒரு துளியும் தெரியாமல் உள்ளுக்குள் குருதி தேங்குவதும் உண்டு.

நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, பதவி பாராது காயத்தின் கடுமை நோக்கியே சிகிச்சை செய்தார். சுரங்கத்தில் பாறை வெடித்த நாட்களைக் கண்ட நந்திதுர்க் குடும்பங்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? அந்த நீதி பிரசவ அறையின் வாசலுக்கு மட்டும் நெடுங்காலம் வரவில்லை.

இங்கிலாந்தில் பர்மிங்காம் மகளிர் மருத்துவமனையில் மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் பல்கலைக்கழகத்தாருடன் கூடி இதற்கொரு முறை வகுத்தனர். வந்த 15 நிமிடத்துக்குள் பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருத்தி தாயைப் பார்த்துவிட வேண்டும். நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், வலியின் அளவு, குழந்தையின் இதயத் துடிப்பு ஆகியவற்றை அறிந்து, குறைக்கேற்ற தாளைக் கையிலெடுத்து நிறம் குறிக்கிறாள். சிவப்பென்றால் உடனே சிகிச்சை. ஆரஞ்சு 15 நிமிடத்துக்குள். மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள். பச்சை நான்கு மணி நேரத்துக்குள். எங்கள் இருப்புப்பாதையிலும் சிவப்பு, மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்று நான்கு சைகைகள் உண்டு. எங்களுக்குச் சிவப்பு என்றால் நில், அவர்களுக்கு ஓடு!

2017இல் வெளியான ஆய்வின்படி, 15 நிமிடத்துக்குள் பார்க்கப்பட்ட தாய்மார் நூற்றுக்கு 39 பேரிலிருந்து 54 பேராக உயர்ந்தனர். பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான். எனினும் பெரும் கட்டடமோ விலையுயர்ந்த பொறியோ இன்றி, பயிற்சியாலும் ஒழுங்காலும் கிட்டிய பயன் அது.

நம் நாட்டிலும் மருத்துவச்சிகளுக்கென 18 மாதப் பயிற்சியை 2018இல் மத்திய அரசு வகுத்தது. அது நன்றே. ஆனால் இரவுப் பணியிலிருக்கும் செவிலியர்க்கு வாசலில் அவசரம் அறியும் இந்தச் சிறு பயிற்சியை அளிக்க அத்தனை மாதங்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நமக்கு இது ஏன் இன்றியமையாதது? 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர்க்கென இருந்த மருத்துவ வசதியும் அத்துடன் போயிற்று. இன்று லைன் வீட்டுப் பெண் ராபர்ட்சன்பேட்டைக்குச் செல்ல வேண்டும்; அங்கு இயலாதெனில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாருக்கு; அதற்கும் மேலெனில் 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்கு. முதல் வாசலில் இழக்கும் ஒரு மணி நேரத்தை வழியில் எந்த வண்டியும் ஈடுசெய்யாது.

தாய்மார்களே, வாசலில் இருப்பவரிடம் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிடாதீர்கள். எத்தனை மாதம், குருதி போகிறதா, குழந்தை எப்போது கடைசியாக அசைந்தது, தலைவலியோ கண்மங்கலோ உண்டா என்பவற்றைக் கேளாமலே சொல்லுங்கள். பிள்ளை பெற்ற பின் காய்ச்சலோ மிகு உதிரப்போக்கோ கண்டாலும் காத்திராமல் செல்லுங்கள். மாமியார்மார், "எல்லோருக்கும் இப்படித்தான்" என்று தடுக்க வேண்டா.

இரவுப் பணிச் செவிலியர்க்கு இப்பயிற்சி அளிக்கக் கோரி மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதியுள்ளோம். தமிழிலும் கன்னடத்திலும் வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. உணவுக்குச் செல்லுமுன் கையொப்பமிடுமாறு வேண்டுகிறேன்.