செயலி தரும் 'அடுத்த பாடம்'

(நமது மாலைநேரப் படிப்பகத்தில் கடந்த மாதம் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



மஃக்ரிப் தொழுதுவிட்டுக் கையோடு வந்திருக்கிறீர்கள். இஷாவுக்குள் முடித்துவிடுகிறேன்.

நம் படிப்பகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. கணக்கில் கெட்டிக்காரி. காலாண்டு விடுமுறை முடிந்து வந்தவள், "மாமா, எனக்குக் கணக்கு வராது" என்றாள். "யாரம்மா சொன்னது?" என்று கேட்டேன். "ஆப்பே சொல்லுது. நாலாம் வகுப்புப் பாடமாத்தான் தருது" என்றாள். வாங்கிப் பார்த்தேன், உண்மைதான். திறந்தால் பின்னத்தின் முதல் பாடம்தான் நிற்கிறது.

வீட்டில் விசாரித்த பிறகுதான் விளங்கியது. வாப்பா சவூதியில். வீட்டில் ஒரே கைப்பேசி. விடுமுறையில் தம்பி, லாத்தாவின் பெயரிலேயே உள்ளே போய், விளையாட்டாக விடைகளைத் தட்டியிருக்கிறான். செயலி அதையெல்லாம் அவள் கொடுத்த விடையாகவே எடுத்துக்கொண்டது.

இதில் எங்கள் தவறும் உண்டு. சேர்க்கையின்போது வேலை சுலபமாகட்டும் என்று வீட்டுக்கு ஒரு பதிவு போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம். அதனால்தான் இன்று இதை உங்கள் முன் வைக்கிறேன்.

ஆளுக்கு ஒரு பாடம் என்பது நமக்குப் புதிதல்ல. ஹிஃப்ள் மதரஸாவை நினைத்துப் பாருங்கள். ஒரே பாயில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தாலும் சபக் ஆளுக்கு வேறு. உஸ்தாத் ஒவ்வொருவரையும் அழைத்துப் பாடம் கேட்பார். தடங்கலின்றி ஒப்பித்தால் புதிய சபக். தடுமாறினால் நாளைக்கும் அதே பாடம். முன்பு ஓதியது மறந்துவிடாமலிருக்கப் பழைய ஜுஸ்உவையும் கேட்பார். நம் அரசுப் பள்ளிகளிலும் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்தே பாடம் நடத்துகிறார்கள்.

செயலி செய்ய முயல்வதும் இதைத்தான். முதலில் பாடங்களை ஒரு வரைபடம்போல அடுக்கி வைத்திருப்பார்கள். பெருக்கல் தெரிந்தால்தான் பின்னம், பின்னம் தெரிந்தால்தான் விகிதம் என்று ஒன்றன் மேல் ஒன்று. சேரும்போது ஒரு சிறு தேர்வு வைத்து, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கும்.

பிறகு ஒவ்வொரு விடைக்கும் மனத்துக்குள் ஒரு மதிப்பெண்ணை ஏற்றும், இறக்கும். 'இந்தப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு' என்பதுதான் அந்த மதிப்பெண். 1990-களில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கார்பெட், ஆண்டர்சன் என்ற இருவர் இதற்கு ஒரு கணக்குமுறையை வகுத்தார்கள். தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லியிருக்கலாம், தெரிந்தும் கைதவறித் தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்ற இரண்டுக்கும் அதில் இடம் உண்டு. இன்று பல செயலிகள் இதையும் இதைப் போன்ற வேறு முறைகளையும் பயன்படுத்துகின்றன. மதிப்பெண் போதிய அளவு உயர்ந்தால் அடுத்த படி. தொடர்ந்து தாழ்ந்தால் கீழ்ப்படி.

இதனால் பலன் உண்டா? உண்டு. டெல்லியில் கார்த்திக் முரளிதரன் குழுவினர் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக 2.5 வகுப்பு பின்தங்கியிருந்தது தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் அது 4.5 வகுப்பு. பள்ளியில் எல்லோருக்கும் ஒரே பாடம் நடந்தால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பள்ளிநேரம் போக ஒரு மையத்தில் அவரவர் நிலைக்கேற்ற பாடத்தைக் கணினி கொடுத்தது. சுமார் 4.5 மாதத்தில், அந்த வாய்ப்புக் கிடைக்காத பிள்ளைகளைவிடக் கணக்கிலும் இந்தியிலும் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே தினமும் 90 நிமிடத்தில் பாதிதான் கணினி. மீதிப் பாதி, சிறு குழுவாக ஓர் ஆசிரியருடன்.

ஏனென்றால் உஸ்தாத் முகத்தைப் பார்க்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சலா, இரவு தூங்கவில்லையா என்று அவருக்குத் தெரியும். செயலி விரலை மட்டுமே பார்க்கிறது. அது யாருடைய விரல் என்பதுகூட அதற்குத் தெரியாது.

இன்னொன்று. பாடச் செயலி காட்டும் 'அடுத்த பாடமும்' காணொளித் தளம் காட்டும் 'அடுத்த வீடியோவும்' ஒன்றல்ல. யூடியூப் 2012 முதல், பார்க்கும் நேரத்துக்கு முக்கியத்துவம் கொடுத்துப் பரிந்துரைக்கத் தொடங்கியது. பிள்ளை கற்றதா என்பது அதன் கேள்வியல்ல. 'படிக்கிறேன் உம்மா' என்று பிள்ளை சொன்னால், எதில் என்று பாருங்கள்.

பெற்றோர்களிடம் நான் வேண்டுவது நான்கு காரியங்கள்.

ஒன்று: கைப்பேசி ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பதிவு இருக்கட்டும். ஒருவர் பெயரில் இன்னொருவர் படிக்க வேண்டாம்.

இரண்டு: பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்லிக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன விடையை வைத்துச் செயலி பிள்ளையை எட்டாத படியில் ஏற்றிவிடும். தப்பு வரட்டும். தப்பைப் பார்த்துத்தான் அது சரியான பாடத்தைக் கொடுக்க முடியும்.

மூன்று: வாரம் ஒருமுறை, "இந்த வாரம் என்ன பாடம் வந்தது, எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். நீங்கள் படிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளை சொல்லும்போதே தெரிந்துவிடும். பாடம் மிக எளிதாகவோ மிகக் கடினமாகவோ இருந்தால் நம் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நிலைத்தேர்வை மறுபடி எழுத வைக்கலாம், ஆசிரியரே பாடத்தைக் குறித்துக் கொடுக்கவும் வழி உண்டு.

நான்கு: "உங்கள் பிள்ளை பின்தங்கியிருக்கிறது, இந்த வகுப்பை வாங்குங்கள்" என்று அழைப்பு வந்தால் பயந்துபோய்ப் பணம் கட்டாதீர்கள், தவணையில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் படிப்பகத்துக்கு வாருங்கள்.

அந்தப் பிள்ளைக்குத் தனிப் பதிவு போட்டு நிலைத்தேர்வை மறுபடி எழுதச் சொன்னோம். அல்ஹம்துலில்லாஹ், இப்போது எட்டாம் வகுப்பு இயற்கணிதம் போட்டுக்கொண்டிருக்கிறாள். செயலியைத் திருத்த அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது. 'எனக்குக் கணக்கு வராது' என்று அவள் மனத்தில் பதிந்ததை அழிக்கத்தான் ஆசிரியை இரண்டு மாதமாகப் பாடுபடுகிறார். இன்னும் கரும்பலகைக்கு வரக் கூப்பிட்டால் தயங்குகிறாள்.

வருகிற ஞாயிறு முதல் நான்கு வாரங்களுக்கு, அஸருக்குப் பின் நம் கல்லூரி மாணவர்கள் படிப்பகத்தில் இருப்பார்கள். கைப்பேசியோடு பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், பதிவுகளைப் பிரித்துத் தருவார்கள். கட்டணம் இல்லை.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் நல்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.