நிறமும் எண்ணும்



வாய்ப்பாட்டையும் இரசாயனக் குறியீடுகளையும் விறாந்தையில் நடந்து நடந்து பாடமாக்கியவர்கள் நாங்கள். திரும்பத் திரும்பச் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பார்கள் எங்கள் ஆசிரியைமார். அதைப் பரிசோதனை செய்து காட்டிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவே எங்கள் வகுப்பின் சார்பில் வந்திருக்கிறோம்.

மனம் நெடுங்காலமாகத் தத்துவஞானிகளின் விடயமாகவே இருந்தது. 1879 இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்று ஓர் ஆய்வுகூடம் அமைத்தார். 1885 இல் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தானே பாடமாக்கி, மறதியின் வேகத்தை அளந்து நூலாக வெளியிட்டார்.

அந்த நாட்களில் அமெரிக்காவில் வெல்ஸ்லி பெண்கள் கல்லூரியில் கிரேக்கம் படிப்பித்தவர் மேரி விற்றன் கால்கின்ஸ். உளவியல் படிப்பிக்க ஆள் வேண்டும் என்று கல்லூரி அவரைப் படிக்க அனுப்பியது. ஹார்வார்ட் பல்கலைக்கழகமோ பெண்களைச் சேர்ப்பதில்லை. 1890 இல், மாணவியாகப் பதியாமல் வகுப்பில் இருக்க மட்டும் அனுமதித்தது. வில்லியம் ஜேம்ஸின் வகுப்பிலிருந்து மற்றவர்கள் விலகிப்போக, நூலகத்துக் கணப்படுப்பின் ஒரு பக்கம் பேராசிரியரும் மறுபக்கம் இவருமாகப் பாடம் நடந்ததாம். எங்களுக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது! அடுத்த ஆண்டே வெல்ஸ்லியில் ஆய்வுகூடம் தொடங்கிவிட்டார்.

அவருடைய பரிசோதனை எளிமையானது. ஒரு நிறத்தைக் காட்டி, அதனோடு ஓர் எண்ணைக் காட்டுவார். பல சோடிகள் முடிந்தபின் நிறத்தை மட்டும் காட்டி எண்ணைக் கேட்பார். கடைசியாகக் கண்ட சோடியா, கண்ணைக் கவர்ந்த சோடியா, அடிக்கடி வந்த சோடியா நினைவில் நிற்கிறது? அடிக்கடி வந்ததே முந்தியது. இன்றும் ஞாபகமறதி என்று வருபவர்களிடம் சொற்களைச் சோடி சோடியாகச் சொல்லி, ஒன்றைச் சொல்லி மற்றதைக் கேட்கிறோம். வழி அவருடையதுதான்.

1895 இல் பேராசிரியர்கள் அவரை வாய்மொழியாகச் சோதித்து, கலாநிதிப் பட்டத்துக்கு முழுத் தகுதி உண்டென ஒருமித்து எழுதினார்கள். ஹார்வார்ட் மறுத்தது. 1902 இல், அதன் பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃப்பின் பெயரில் பட்டம் தரலாம் என்றார்கள். படித்தது ஹார்வார்ட்டில், அந்தப் பட்டம் வேண்டாம் என்றார் கால்கின்ஸ். அதை ஏற்றால் ஹார்வார்ட்டின் கதவு பெண்களுக்குத் திறப்பது இன்னும் பிந்தும் என்றும் எண்ணினார். அதே நிலையிலிருந்த ஈதல் பஃபர் ஏற்றுக்கொண்டார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. உழைத்துப் பெற்றதை யார்தான் எளிதில் விடுவார்? ஆனாலும் பட்டமில்லாத கால்கின்ஸையே 1905 இல் அமெரிக்க உளவியல் சங்கம் தன் முதற் பெண் தலைவராக்கியது. 1930 இல் அவர் மறையும்வரை ஹார்வார்ட் மனம் மாறவில்லை.