முகப்புப் படமும் சட்டமும்
(குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் விட்டு வந்திருக்கும் தோழர்களுக்கும், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. சட்டம் என்றாலே கொட்டாவி வரும் என்று எனக்குத் தெரியும். சுருக்கமாகவே பேசுகிறேன்.

இன்று நமக்கெல்லாம் இரண்டு பெயர்கள். ஒன்று மைகார்டில் உள்ளது. அது தேசியப் பதிவிலாகா எழுதிக் கொடுத்தது. இன்னொன்று முகநூலிலும் டிக்டாக்கிலும் வாட்ஸ்அப்பிலும் நாமே சூட்டிக்கொள்வது. அதில் தமிழன் என்று எழுதுகிறோம், முருகன் வேலைப் போடுகிறோம், சிங்கத்தைப் போடுகிறோம், பிடித்த தலைவரின் படத்தை வைக்கிறோம். பலர் இதைக் கேலி செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். பகல் முழுக்கத் தொழிற்சாலையில் 'ஓய்' என்று கூப்பிடப்படுகிறவன், இரவில் தன் முகத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறான். வாடகை வீடு தேடும்போது 'இந்தியர்களுக்கு இல்லை' என்ற விளம்பரத்தைப் படித்த பிள்ளை தன் இனத்தை முகப்பில் எழுதினால், அது மானப் பிரச்சினை.

ஆனால் தோழர்களே, அந்த முகப்பை நண்பர்கள் மட்டும் பார்ப்பதில்லை.

2019 அக்டோபரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்பட 12 தமிழர்கள் சொஸ்மா சட்டத்தில் கைது செய்யப்பட்டார்கள். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. அந்த இயக்கம் 2009-இல் போரில் அழிக்கப்பட்டது. மலேசியா அதைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்ததோ 2014-இல். பல குற்றச்சாட்டுகளின் அடிப்படை என்ன தெரியுமா? கைப்பேசியிலும் முகநூலிலும் இருந்த படங்கள். அந்த ஆண்டு நவம்பரில், சொஸ்மாவில் ஜாமீனைத் தடுக்கும் 13-ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. இருந்தும் வழக்கு முடியவில்லை. 2020 பிப்ரவரி 21-ஆம் தேதி அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். ஒருவரைத் தன் வீரனாக நினைத்து அவர் படத்தை வைத்திருப்பதால் ஒருவன் பயங்கரவாதி ஆகிவிட மாட்டான் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம்.

சரியான முடிவு. ஆனால் அதற்குள் நான்கு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. தீபாவளியும் போனது, பொங்கலும் போனது. அது சட்டத்துறைத் தலைவர் எடுத்த முடிவே தவிர, சட்டம் மாறிவிடவில்லை. அந்தப் பிரிவுகள் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன.

அடுத்து, என்னை அதிகம் வருத்தும் விஷயம். தம்பிகளே, பெயருக்குப் பக்கத்தில் 04, 08, 36 என்று எண் போடுகிறீர்களே, அதைப் பற்றி. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பெயர் சொல்லி அறிவித்தது. இந்த எண்கள் அந்தப் பட்டியலில் உண்டு. உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர், அவர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள் என்று அமைச்சே சொன்னது. அந்தக் கணக்கை எப்படி எடுத்தார்கள் என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். கும்பலில் சேராமலே இந்த எண்ணைப் போடுகிற பையன்கள் இருக்கிறார்கள். பள்ளியிலோ தாமானிலோ யாரும் தன்னைத் தொடக்கூடாது என்பதற்காகப் போடுகிறான். அவனுக்கு அது கவசம். போலீஸ்காரருக்கு அது வாக்குமூலம் மாதிரி. போக்கா எனப்படும் குற்றத் தடுப்புச் சட்டத்தில் பிடித்தால் முதலில் 21 நாள், பிறகு 38 நாள் தடுப்புக் காவல். அதற்குப் பிறகு நீதிமன்ற விசாரணையே இல்லாமல் இரண்டு ஆண்டுவரை உள்ளே வைக்கலாம். 'சும்மா ஸ்டைலுக்குப் போட்டேன்' என்பதை எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்வது?

பெற்றோர்களே, இது பிள்ளைகளின் விவகாரம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் பெயரும் இதில் இருக்கிறது. சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு 2012 ஜூலை 31 முதல் நடப்பில் உள்ளது. ஒரு பதிவில் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ உங்கள் பெயர், உங்கள் படம் அல்லது உங்கள் புனைபெயர் காட்டப்பட்டிருந்தால், அதை வெளியிட்டது நீங்கள்தான் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இணைய லைன் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தாலும் அப்படித்தான். கைப்பேசி உங்கள் கையில் இருந்தாலும் அப்படித்தான். 'நான் இல்லை' என்று நிரூபிப்பது உங்கள் வேலை. வழக்கமாகக் குற்றத்தை நிரூபிப்பது அரசாங்கத்தின் வேலை. இங்கே சுமை நம் தோளுக்கு மாறுகிறது. இதை எதிர்த்துத்தான் 2012 ஆகஸ்ட் 14-ஆம் தேதி பல இணையப் பக்கங்கள் ஒருநாள் இருட்டடிப்புச் செய்தன. பிரிவு போகவில்லை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மகனுக்குச் சிம் கார்டு அம்மாவின் மைகார்டில். வேலையிடத்து நண்பனுக்கு ஒரு நம்பர் அப்பா பெயரில். கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு மாமா நிர்வாகி, அவருக்கோ அதைத் திறக்கவே தெரியாது. தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் அபராதம் முன்பு 50,000 வெள்ளிவரை இருந்தது. 2025 பிப்ரவரி 11 முதல் அது 5 லட்சம் வெள்ளிவரை, சிறை இரண்டு ஆண்டுவரை. யாரோ எழுதியதற்கு முதலில் தட்டப்படுவது லைன் யார் பெயரிலோ அவர் வீட்டுக் கதவு.

படத்தை எல்லாம் அழித்துவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வேலும் தமிழும் நம் உரிமை, எடுக்காதீர்கள். கும்பல் எண்ணை இன்றைக்கே எடுங்கள். விசாரணை தொடங்கிய பிறகு அவசரமாக எதையும் அழிக்காதீர்கள், அது தனிக் குற்றமாகலாம். உங்கள் பெயரில், உங்கள் படத்தில் யாராவது போலிக் கணக்கு வைத்திருந்தால் உடனே போலீஸ் புகார் செய்து நகலைப் பத்திரமாக வையுங்கள். 114ஏ பிரிவுக்குப் பதில் சொல்ல அந்தத் தாள் உதவும். பிடிபட்டால், வாக்குமூலம் கொடுக்கும் முன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லக் கேளுங்கள். பணமில்லாதவர்களுக்கு ஒய்.பி.ஜி.கே. எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. சொஸ்மா, போக்கா என்றால் விதிகள் வேறு, அன்றைக்கே எங்களைக் கூப்பிடுங்கள்.

தேநீர் தயார் என்கிறார்கள். கைப்பேசியோடு அந்த ஓரத்து மேசைக்கு வாருங்கள். உங்கள் பெயரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதுவோம். உங்கள் கையில் இல்லாத நம்பரை ரத்து செய்ய, நாளைக்கே மைகார்டோடு கம்பெனி கவுண்டருக்குப் போகலாம்.