மிதிவண்டிக் கழகமும் தேகப் பயிற்சியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் செய்யுளும் கற்பித்துக் காலங்கழிக்கும் என்னைத் தேகப் பயிற்சியைப் பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசியவர்கள் பணித்தமை எனக்கே வியப்பாயிருக்கின்றது. அதற்குரிய தகுதி என்பால் ஒன்றே உண்டு; நாற்பத்து நான்காம் வயதில் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவன் யான். ‘முப்பதாண்டுகளாக ஓட்டுகின்றவர் இவ்வாறு கூறலாமா?’ என்று முன்வரிசையில் அமர்ந்துள்ள என் மைத்துனர் நகைக்கின்றார். நகைப்பு நியாயமே. அதனை விளக்கவே ஈண்டு வந்து நிற்கின்றேன்.

நம் இளைஞர் பிரிவினர் சென்ற மாதம் இரண்டு வினாக்களை எழுதியனுப்பினார்கள். மிதிவண்டிக் கழகத்திற் சேர்வதால் ஓட்டுந் திறமும் உடல்வன்மையும் மெய்யாகவே பெருகுமா, அன்றி அஃது ஒரு பகட்டுத்தானா என்பது ஒன்று. சங்க நிதியிலிருந்து நம்மவர்க்கு மட்டும் அத்தகைய கழகம் ஒன்று தொடங்கலாமா என்பது மற்றொன்று.

முதல் வினாவிற்கு என் கதையையே விடையாகக் கூறுவேன். ஈராண்டுகட்கு முன்னர் மருத்துவர் என் குருதியைச் சோதித்து, சர்க்கரை எல்லைக் கோட்டின்மேல் நிற்கின்றது என்றார். எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு எல்லைக் கோடு புதிதன்று. ஆயினும் அத்திப்பள்ளியைக் கடப்பதுபோல் இதனையுங் கடந்துவிடலாகாது என்று அஞ்சி, கொட்டகையிற் கிடந்த பழைய வண்டியைத் துடைத்தெடுத்துப் பள்ளிக்கு அதன்மீதே செல்லலானேன். போக 6 கிலோமீட்டர், வர 6 கிலோமீட்டர். ஐந்து திங்கள் கழிந்தன. முழங்காலில் நோவு வந்தது, தொந்தி போகவில்லை. தவஞ்செய்தும் வரம் பெறாதவனைப்போற் சலித்து, வண்டியை மீண்டும் கொட்டகைக்கே அனுப்பும் நிலையில் இருந்தேன்.

அக்காலை, முன்னர் என் மாணாக்கனாயிருந்து இப்பொழுது சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன், ஞாயிறுதோறும் விடியலிற் கூடி ஓட்டும் ஒரு குழுவினிடம் என்னை அழைத்துச் சென்றான். அக்குழுவின் மூத்தவர் கடைசல் வேலை செய்பவர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே மூச்சிற் கலந்து பேசுபவர். அவர் என் வண்டியை ஒரு நோக்கு நோக்கி, ‘ஐயா, நீங்கள் வண்டி ஓட்டவில்லை, குந்திக்கொண்டு மாவாட்டுகிறீர்கள்’ என்றார். ஆசனம் நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. ஆசனத்தில் அமர்ந்து, கீழ்நிலையில் நிற்கும் மிதியின்மேற் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளல் வேண்டும். பின்னர்ப் பாதத்தின் முற்பகுதியால் மிதிக்குங்கால் முழங்கால் சிறிதளவே மடங்கி நிற்கும். ஆசனம் தாழ்ந்திருப்பின் முழங்கால் மிகையாக மடங்கி, சில்லின்மேற் பாரம் ஏறும். இதனை முப்பதாண்டுகளாக எவரும் எனக்குச் சொல்லவில்லை. யானும் எவரையுங் கேட்டிலேன். தனியே ஓட்டுபவனுக்குத் தன் பிழையே பழக்கமாகிவிடுகின்றது. வித்துவான் தேர்வுக்குத் தனியே படித்துத் தளை தட்டுவது தெரியாமலே வெண்பா எழுதித் தள்ளியவர்களை யான் அறிவேன், இதுவும் அத்தகையதே.

பின்னர்ச் சீட்டுப் பணத்திற் கியர் வண்டி ஒன்று வாங்கினேன். கடினமான கியரில் நிமிடத்திற்கு 50 முறை அழுத்தி மிதிப்பதே ஆண்மை என்று எண்ணியிருந்தேன். இலேசான கியரில் 80, 90 முறை சுழற்றுவதே தேர்ந்தவர் வழக்கம் என்று அங்கே கற்றேன். அவ்வாறு சுழற்றினால் உழைப்பின் பாரம் தொடைத் தசையினின்று மூச்சுக்கும் இருதயத்திற்கும் மாறுகின்றது. கால் விரைவில் தளர்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உழைப்பு மேற்கொள்ளல் வேண்டும் என்று கூறியுள்ளது. பள்ளிக்குச் செல்லும் ஓட்டத்திலேயே அக்கணக்கு நிரம்பாதோ என்பீர்கள். நிரம்பலாம், ஆனால் யானோ சந்திக்குச் சந்தி நின்று, இறக்கத்தில் மிதியாமல் உருண்டு, மூச்சு வாங்காமலே போய்வந்தேன். மழை தூறினால் பேருந்து. குழுவிற் சேர்ந்தபின் அந்தச் சலுகைகள் நீங்கின. விடியற்காலை ஐந்து மணிக்குப் போர்வை நம்மிடம் பேசும் வேதாந்தத்தை எந்தச் சாத்திரத்தாலும் வெல்ல இயலாது; சாலையோரத்தில் ஒருவர் நமக்காகக் காத்து நிற்கின்றார் என்னும் நாணமே வெல்லும். சென்ற தைத் திங்களில் எடுத்த சோதனையில் என் சர்க்கரை எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. இரவுச் சோற்றைக் குறைத்ததே அதற்குக் காரணம் என்கின்றாள் என் மனையாள். அதற்கும் பங்குண்டு, மறுப்பதற்கில்லை.

கூடி ஓட்டினால் விரைவு பெருகுவதை ஆராய்ந்தவர் உளர். அமெரிக்க நாட்டு இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நார்மன் டிரிப்லெட் என்பார், மிதிவண்டிப் பந்தயக் குறிப்புகளை நோக்கி, தனியே ஓட்டுவோரினும் பிறரோடு ஓட்டுவோர் விரைந்து செல்வதைக் கண்டு, 1898இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதற்குக் காற்றும் ஒரு காரணம். சமநிலத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் விரைவிற் செல்பவனின் உழைப்பிற் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகின்றது. முன்செல்பவர் காற்றைப் பிளக்க, அவர் பின்னே அணுகிச் செல்பவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். முறை மாற்றி முன்செல்வது குழுவின் அறம். எனினும் மனத்திற்கும் இதிற் பங்குண்டோ என்று ஐயுற்ற டிரிப்லெட், காற்றுக்கு இடமில்லாத ஒரு சோதனையாக, தூண்டிற் கயிறு சுற்றும் உருளையை 40 சிறுவர் சிறுமியரிடம் கொடுத்துத் தனியாகவும் இணையாகவும் சுற்றச் செய்தார். ஏறத்தாழப் பாதிப்பேர் போட்டியால் விரைந்தனர். காற்பங்கினர் பதற்றத்தாற் பின்தங்கினர். எஞ்சியோர்க்கு வேறுபாடு மிகுதியாக இல்லை.

அந்தக் காற்பங்கை இளைஞர்கள் மறத்தல் கூடாது. யானும் ஒரு நாள் அதிற் சேர்ந்தேன். ஓசூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும், கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆகலின் போகும்போது சாலையே நம்மைச் சுமந்து செல்லும். திரும்பும்போது நாம் சாலையைச் சுமக்க வேண்டும். விரைவோட்டக்காரர் சிலரைத் தொடர்ந்து கிருஷ்ணகிரி அணைவரை பறந்தேன். திரும்புகையில் சூளகிரிக்கு இப்பால் ஏற்றத்திற் கண் இருண்டது. காலையுணவு கொள்ளவில்லை, உடலிற் சேமித்த சர்க்கரை ஒன்றரை, இரண்டு மணி நேரக் கடும் உழைப்பிற்கே போதும் என்பதை அறியாமற்போனேன். முன்சென்றோர் திரும்பியும் பார்க்கவில்லை. புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த எனக்கு வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்தவர் ஒரு லாரி ஓட்டுநர். அன்றுமுதல், கடைசியில் வருபவரை விட்டுச் செல்லாத குழுவே குழு என்பது என் கொள்கை. சேருமுன் இதனைக் கேட்டறிதல் வேண்டும். சட்டையின் நிறத்தைப் பின்னர் விசாரிக்கலாம்.

நம் பக்கத்திற்குரிய வேறொரு காரணமும் உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் கனரக வண்டிகளுக்கிடையே தனி மிதிவண்டி ஓட்டுநர் கண்ணில் எளிதிற் படாது. விளக்கிட்டு வரிசையாகச் செல்லும் பத்து வண்டிகள் படும். தளி, தேன்கனிக்கோட்டைச் சாலைகளிலோ, கேழ்வரகு விளையும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் வந்துசெல்கின்றன. இருளில் தனியே போகும் துணிவு துணிவன்று. குழுவினர் வெளிச்சம் வரும்வரை தேநீர்க் கடையில் நின்று, ஊராரைக் கேட்டே புறப்படுகின்றனர்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபொழுது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குரியதாக்கினார். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியராகி ஓட்டக் கற்றனர். பெண்கள் வண்டி போதாமையால் ஆண்கள் வண்டியிலேயே ஏறினர். தனியே ஒருத்தி பழகியிருந்தால் ஊர் நகைத்திருக்கும். நூறு பேர் பழகியபொழுது நகைப்போர் ஒதுங்கி வழிவிட்டனர். நம் வீடுகளிலோ, அரசினர் பதினோராம் வகுப்புப் பெண்ணுக்கு விலையின்றி வழங்கிய வண்டி, அவள் பள்ளிப் படிப்பை முடித்த மறுநாளே கொட்டகையிற் சாய்கின்றது. அல்லது தம்பிக்குப் போகின்றது. என் வீட்டிலும் அவ்வாறே நடந்தது.

இனி இரண்டாம் வினா. நம்மவர்க்கு மட்டும் ஒரு கழகம் வேண்டுமா? சங்கத்தின் பத்திரிகையிலேயே இதனைக் கூறுவது சிலர்க்குக் கசக்கலாம். ஆயினும் கேட்டதற்கு மெய்யே சொல்லுதல் வேண்டும். வேண்டா என்பதே என் கருத்து. கல்வி உதவிக்கும் விதவையர் நிதிக்கும் நாம் தனியே கூடுவதற்குக் காரணம் உண்டு. மிதிவண்டிக்கு என்ன காரணம்? என் ஆசனத்தை உயர்த்திய கடைசற்காரர் எம்மரபினர் என்பதை இன்றுவரை யான் கேட்டதில்லை. அவரும் என்னைக் கேட்டதில்லை. நம் முப்பது பேருள் நன்கு ஓட்டத் தெரிந்தவர் நால்வரே. அந்நால்வரும் மற்ற இருபத்தறுவரும் தம்முள்ளேயே சுற்றிவந்தால், என் பழைய முழங்கால் நோவு சங்கத்தின் பொது நோவாகிவிடும். திறமை மிக்கோர் இருக்குமிடத்திற்கு நாம் செல்லுதல் வேண்டும். இங்கிலாந்தில் 1878இல் தொடங்கிய மிதிவண்டிச் சுற்றுலாக் கழகம் இன்றும் வேறு பெயருடன் வாழ்கின்றது. நம் தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்ததும் அவ்வாண்டே. ஓட்ட விரும்பும் எவரையும் சேர்த்துக்கொண்டதாலேயே அஃது இத்துணைக் காலம் நிலைத்தது என்று எண்ணுகின்றேன்.

நிதியைச் செலவிடவே கூடாது என்று யான் சொல்லவில்லை. கொட்டகையிற் கிடக்கும் வண்டிகளுக்குப் புது டயரும் பிரேக் கட்டையும் பொருத்தவும், தலைக்கவசமும் பின்விளக்கும் இல்லாதார்க்கு வாங்கித் தரவும் செலவிடுக. நகரக் குழுவின் ஓட்டத்தில் நம் பிள்ளைகள், பெண்கள் உட்பட, கலந்துகொள்ள அக்குழுவினர் இசைந்துள்ளனர். வரும் ஞாயிறு காலை 5.30 மணிக்குச் சங்கக் கட்டடத்து வாயிலுக்கு வண்டியோடு வருக. அன்று கெலவரப்பள்ளி அணைவரை மெல்லவே செல்வோம். வாழைப்பழமும் தண்ணீரும் அவரவர் கொண்டுவரல் வேண்டும். காற்றடிக்கும் பம்பு என்னிடம் இருக்கின்றது. என் மைத்துனரின் ஆசன உயரத்தையும் அன்றே பார்த்துவிடலாம்.